பரிந்து நின்ற முனிவர்

வன்னி நாட்டிலே வாழ்வார்க்கு வானத்தை நோக்குதல் பழக்கமன்று, தொழில். புரட்டாதியில் விதைத்துவிட்டுக் காலபோக மழைக்குக் காத்திருக்கும் கமக்காரன், ஒரு பகலிற் பத்து முறையேனும் வடகீழ்த் திசையைப் பார்த்து மீள்வான். மழை பிந்துமாயின் குளக்கட்டிலுள்ள ஐயனாருக்குப் பொங்கலிடுவர். வற்றாப்பளைக் கண்ணகியம்மனுக்கு நேர்த்தி வைப்பர். கத்தோலிக்கர் மருதமடு மாதாவின் சந்நிதிக்கு நடந்து செல்வர். சைவன் மடுவுக்குப் போவதும், வேதக்காரன் ஐயனார் பொங்கலுக்கு அரிசி கொடுப்பதும் இங்கு யாருக்கும் வியப்பாகத் தோன்றுவதில்லை. வாடுகின்ற பயிருக்காக யார் கேட்டாலென்ன, மழை பெய்தாற் போதும் என்பதே கமக்காரனின் சமயநெறி.

அத்தகைய நாட்டிற் பள்ளியாசிரியனாய் இருப்பதனாற் போலும், யோசேவாஸ் முனிவரின் சரிதத்தை முதன்முதற் படித்தபோது, அவர் கண்டி மாநகரில் மழை வேண்டிய கதையே என் மனத்தைப் பற்றியது. பின்னர் மாணவி ஒருத்தியின் வினா, அச்சரிதத்தை வேறொரு பக்கத்திலிருந்து காணச் செய்தது.

பத்தாம் வகுப்பில் வினையெச்சம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பரிந்து என்னும் சொல்லை எடுத்துக்காட்டாகக் கரும்பலகையில் எழுதினேன். கத்தோலிக்க மாணவி ஒருத்தி எழுந்தாள். இயேசு நாதர் தந்தையாகிய இறைவனின் வலப்பக்கத்தில் இருந்து மக்களுக்காகப் பரிந்து பேசுகிறார் என்று கோயிலிற் கேட்டிருப்பதாகவும், அவரும் இறைவனேயாயின் யாரிடம் எதற்காகப் பேச வேண்டும் என்பது விளங்கவில்லை எனவும் கூறினாள். அது நம்மூரிற் கந்தோருக்குப் போவதற்கு முன் பெரிய மனிதரிடம் சிபாரிசு பிடிப்பதைப் போன்றதா என்றும் கேட்டாள். வகுப்பு சிரித்தது. யான் பரி என்னும் பகுதிக்கு அன்பு கொள்ளுதல், இரங்குதல், சார்ந்து பேசுதல், வருந்துதல், ஓடுதல், அறுதல் என அகராதி கூறும் பொருள்களையெல்லாம் அடுக்கிச் சொல்லி, அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். அவள் கேட்டது அகராதியையன்று என்பதை யான் அறிவேன். சைவனாகிய யான் அதற்கு விடை கூறப் புகுதல் முறையன்று என எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன்.

சிபாரிசு என்பது பாரசீக மொழியிலிருந்து நம்மிடம் வந்த சொல். தகுதியில்லாதவனுக்குத் தகுதி உண்டெனச் சொல்லும் கடிதத்துக்கே அது பெரும்பாலும் பெயராகிவிட்டது. பரிவு அத்தகையதன்று. ஒருவன் குற்றவாளி என்று நன்கறிந்தும் அவன் பக்கத்தில் நிற்பது பரிவு. இந்நினைவு நம் சமயங்களுக்கும் புதிதன்று. பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சுந்தரர்க்காகச் சிவபெருமான் நள்ளிரவில் இருமுறை திருவாரூர் வீதியில் தூது நடந்ததைப் பெரிய புராணம் பாடுகிறது. குற்றமுடைய உயிருக்காகத் திருமகள் பெருமாளிடம் எடுத்துரைப்பதைப் புருஷகாரம் என்று பெயரிட்டு, பிள்ளை உலகாசிரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தின் தொடக்கத்திலேயே விரித்துரைக்கிறார். ஆயினும் கிறித்தவர் கூறுவதில் ஒரு தனித்தன்மை உண்டு. தந்தை மனமிரங்காதவர், மகன் அவரை இரங்கச் செய்கிறார் என்பது அவர்கள் கொள்கையன்று. மனிதவுடல் தாங்கிக் காயம்பட்டவர், அக்காயங்களோடு தந்தையின் திருமுன் நிற்கின்றார். அந்நிலையே வேண்டுதலாம் என அவர்தம் அறிஞர் விளக்குவர்.

அவ்வேண்டுதலுக்கு அவர்கள் வேதத்தில் ஒரு முன்கதை உண்டு. இயேசு பிடிபட்ட இரவில், அதற்குச் சற்று முன், தம் சீடருள் முதல்வராகிய பேதுருவுக்குத் தாம் அவருக்காக வேண்டிக்கொண்டதாகக் கூறுகிறார். அவருடைய விசுவாசம் அழியாதிருக்க வேண்டும் என்பதே வேண்டுதல். அதனைக் கேட்ட பேதுரு, பொழுது விடிவதற்குள் தம் ஆசிரியரை அறியேன் என்று மும்முறை மறுதலித்துவிடுகிறார். வேண்டுதல் பலிக்கவில்லையோ என நமக்குத் தோன்றும். ஆனால் அது மறுதலியாதிருக்கச் செய்த வேண்டுதலன்று. மறுதலித்தவன் திரும்பி வருவதற்காகச் செய்த வேண்டுதல். இந்தக் கதையை மனத்திற் கொண்டு யோசேவாஸ் முனிவரின் வரலாற்றைப் படிப்போமாயின், அவர் வந்து சேர்ந்த யாழ்ப்பாணம் ஆயிரக்கணக்கான பேதுருக்களின் ஊராகத் தோன்றும்.

1658 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. அவ்வாண்டிலேயே, கத்தோலிக்கக் குருமார்க்கு இடங்கொடுப்போர்க்கு மரண தண்டனை என்று விளம்பரம் பிறந்தது. குருமார் நாடு கடத்தப்பட்டனர். கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்கு உரியவாயின. திருமணப் பதிவுக்கும் முதுசச் சொத்துக்கும் உத்தியோகத்துக்கும் அச்சபையின் ஞானமுழுக்கே வழியென ஆயிற்று. பள்ளித் தோம்பிற் பெயரில்லாதவனுக்கு ஊரிற் பெயரில்லை. ஆகவே பகலில் ஒல்லாந்தரின் பள்ளியில் வினாவிடை ஒப்புவித்துவிட்டு, இரவிற் பெட்டிக்கடியில் ஒளித்து வைத்த மாதாவின் உருவத்தை எடுத்துச் செபமாலை சொல்லும் வாழ்க்கை தொடங்கிற்று. அவ்வாழ்க்கை ஏறத்தாழ 30 ஆண்டு நீடித்தது. ஒரு தலைமுறை குருவின் முகத்தையே காணாது வளர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் போக மனமில்லை. அக்காலத்து ஒல்லாந்தப் போதகர் கல்வியற்றவரல்லர். யாழ்ப்பாணத்தில் இருந்த பால்தேயுஸ் தமிழ் எழுத்துகளை ஐரோப்பியர்க்கு அச்சிற் காட்டியவர். அவர்கள் கத்தோலிக்கரோடு பட்ட பிணக்குகளுள் ஒன்று இந்தப் பரிந்துரையைப் பற்றியதே. இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையே நிற்பவர் இயேசு ஒருவரே; மாதாவையும் புனிதரையும் வேண்டுதல் பிழை என்பது சீர்திருத்தச் சபையின் கொள்கை. இடையே நிற்பவர் இயேசுவே. மாதாவும் புனிதரும் அவரோடு சேர்ந்து வேண்டுகின்றனர் என்பது கத்தோலிக்கர் கொள்கை. இயேசு தமக்காகப் பரிந்து பேசுகிறார் என்பதை இருதிறத்தாரும் ஒருங்கே நம்பினர். நம்பிக்கொண்டே ஒருவர் மற்றவர்க்கு மரண தண்டனை விதித்தனர். கருத்து வேற்றுமை சிறிதாயின் பகையும் சிறிதாம் என்று எண்ணுவோர் சமய வரலாறு படியாதவர்.

இந்த அடைபட்ட நாட்டின் செய்தி கோவாவுக்கு எட்டியது. அங்கே 1651 ஆம் ஆண்டு ஏப்ரில் 21 ஆம் நாள் பெனாலிம் என்னும் ஊரிற் பிறந்தவர் யோசேவாஸ். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ். தாயார் மரியா தெ மிராந்தா. கொங்கணி பேசும் பிராமணக் குடியிற் கிறித்தவரானோர் வழியில் வந்தவர்கள். யோசேவாஸ் 1676 இற் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் தம்மை மாதாவின் அடிமையெனச் சாசனம் எழுதிக் கொடுத்தார். நம் நாயன்மார் வரலாற்றில் ஆளோலை என்பது நமக்குப் பழக்கமான பொருளாதலின், இச்செயல் தமிழர்க்கு எளிதில் விளங்கும். 1681 முதல் மூன்றாண்டு கன்னடக் கரையிற் பணிசெய்தார். 1685 இல், பிலிப்பு நேரியின் ஒழுக்கத்தை மேற்கொண்ட கோவாக் குருமார் குழுவிற் சேர்ந்து அதன் தலைவரானார். அக்குழு இந்தியக் குருமாரே கூடி நடத்தியது. அரசனின் பொருளுதவியோ பாதிரிமாரின் கப்பலோ அதற்கு இல்லை.

இலங்கைக்கு ஐரோப்பியப் பாதிரியார் எவரும் போக முடியாது; நிறமே காட்டிக் கொடுத்துவிடும். கொங்கணியார் ஒருவர் கூலிக்காரனைப் போல உடுத்திருந்தால் ஒல்லாந்தக் காவலன் இருமுறை பாரான். யோசேவாஸ் அதனை அறிந்தார். 1686 இற் புறப்பட்டு, மலையாளக் கரையில் தங்கி, தூத்துக்குடியிற் கூலியாள் வேடத்தோடு தோணி ஏறினார். பணியாளராகிய யுவான் மட்டும் உடன் வந்தார். புயலிலும் பசியிலும் அலைந்த தோணி மன்னார்ப் பக்கம் ஒதுங்கியது. 1687 இல் இருவரும் யாழ்ப்பாணம் சேர்ந்தனர். சேர்ந்தவுடன் முனிவர் வயிற்றுளைச்சலில் வீழ்ந்தார். யாரோ கொடுத்த கஞ்சியாற் பிழைத்தார் என்பர்.

உடல் தேறியதும் கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். சோறிடுவோரின் கண் சோற்றின் மேல் நிற்கிறதா, செபமாலையின் மேல் நிற்கிறதா என்று பார்ப்பதே அவர் நோக்கம். மாலையைக் கண்டு முகம் மாறுபவர் மறைந்து வாழும் கத்தோலிக்கர். ஆனால் அவர்களும் அஞ்சினர். வந்தவர் குருவா, ஒல்லாந்தரின் ஒற்றனா என்று எவ்வாறு அறிவது? சந்தேகம் தீர நாள்கள் சென்றன. பின்னர் அவரைச் சில்லாலைக்கு அனுப்பினர். அச்சிற்றூர் நெஞ்சுரம் மிக்க கத்தோலிக்கரின் ஊர். அங்கிருந்தே அவர் இரவுதோறும் புறப்பட்டு ஊர்கள் தோறும் சென்றார். விளக்கை மறைத்துப் பூசை செய்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், ஒல்லாந்தச் சபையிற் பெயர் பதிந்துகொண்டோரை மீண்டும் ஏற்றார். அவ்வாறு வந்தோரின் பட்டியல் எங்கும் இல்லை, இருக்கவும் கூடாது. பகலில் மறுதலித்தவர்கள் இரவில் வந்து மண்டியிட்ட அவ்வீடுகளை எண்ணும்பொழுதெல்லாம் எனக்குப் பேதுருவின் கதையே நினைவு வரும். அவர் யாழ்ப்பாணத்திற் செய்த மிகப் பெரிய காரியம் இதுவே என்பது என் கருத்து. கண்டியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அற்புதத்தை நான் இதற்கு அடுத்தபடியாகவே வைப்பேன்.

1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படைவீரர் பூசைக்குக் கூடியிருந்த வீட்டிற் புகுந்தனர். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டனர் என்பர், முனிவர் தப்பினார். ஆடவர் சிலரைக் கசையாலடித்தனர். தொன் பேதுரு என்பார் அவ்வடியால் இறந்தார். அவர் முன்னர்ச் சீர்திருத்தச் சபையில் இருந்து பின்னர்க் கத்தோலிக்கரானவர். ஏனையோர் வன்கூலிக்கு அனுப்பப்பட்டனர். இந்நடவடிக்கைக்கு ஆணையிட்டவர் வான் றேடே. மலையாள நாட்டுச் செடிகொடிகளை 12 தொகுதிகளாக வெளியிட்ட நூலுக்கு உரியவரும் அவரே. ஒவ்வோர் இலையின் நரம்பையும் பொறுமையோடு வரையச் செய்தவரின் பெயர் இந்த இரவிலும் வந்து நிற்பது எனக்கு எப்பொழுதும் ஒரு புதிர்.

யாழ்ப்பாணம் இவ்வாறு இறுகியபொழுது வன்னிக் காடு புகலிடமாயிற்று. வன்னிமைகள் ஒல்லாந்தர்க்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தனரேனும், காட்டுக்குள் ஒல்லாந்தரின் கை முழுதும் எட்டவில்லை. அதற்குத் தெற்கே கண்டி அரசு. 1670 அளவில் மாந்தையிலிருந்து சில கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்து மருதமடுவிற் குடியேறின என்பதும், பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்தும் பலர் வந்து சேர்ந்தனர் என்பதும் மடுவின் தொடக்கம் பற்றிய மரபுச் செய்தி. பாலையும் வீரையும் அடர்ந்த அக்காட்டிற் குரு இல்லை, கோயிலும் இல்லை. மூப்பர் செபம் சொல்ல மற்றையோர் பின் சொல்வதே வழிபாடு. தமக்காகத் தந்தையின் திருமுன் ஒருவர் வேண்டிக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கை வேறு யாருக்கு வேண்டியிருந்ததோ இல்லையோ, இவர்களுக்கு வேண்டியிருந்தது. வேண்டுவாரை எல்லாம் இழந்தோர்க்குக் கடைசியில் எஞ்சுவது அதுவே. யோசேவாஸ் முனிவரின் கால் வன்னியையும் மாந்தையையும் மிதித்தது. திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளுக்கும் அவர் சென்றார். பெரும்பாலும் நடந்தே சென்றார். இன்று ஏ-9 வீதியிற் பேருந்தில் உறங்கிக்கொண்டே கடக்கும் தூரம் அக்காலத்தில் யானையும் காட்டுக் காய்ச்சலும் காவலிருந்த தூரம்.

1690 இற் புத்தளத்துக்குச் சென்றார். அது கண்டியரசின் நிலம். வெளிப்படையாகப் பூசை செய்யலாம். கண்டியில் அப்போது ஆண்டவன் இரண்டாம் விமலதர்மசூரியன், பௌத்த மன்னன். ஒல்லாந்தர் ஆட்சியிற் கிடையாத இடத்தைப் பௌத்தன் நாட்டிற் பெறலாம் என்று கருதி முனிவர் 1692 இற் கண்டியை நோக்கி நடந்தார். அரண்மனையிற் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், இவர் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று மன்னனிடம் கூறிவிட்டார். அவர் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். நகருக்குள் விலங்கோடு புகுந்தார் முனிவர்.

சிறையில் அவர் வழக்காடியதாகத் தெரியவில்லை. சிங்களம் கற்றார். சிறைக் காவலர் இவருடைய ஒழுக்கத்தைக் கண்டு மெல்லக் கட்டைத் தளர்த்தினர். ஓலைக் குடில் ஒன்று எழுந்தது. அதில் ஒரு பீடம் எழுந்தது. நகரிலிருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராய் எட்டிப் பார்த்தனர். ஒற்றன் என்று வந்தவன் இரவெல்லாம் முழந்தாளில் நிற்கிறான் என்ற செய்தி மன்னன் செவிக்கும் எட்டிற்று.

அதன் பின்னரே மழையின் கதை. நாடு வறண்டது. குளங்கள் வெடித்தன. மன்னன் தன் மரபின்படி பிக்குகளை வேண்டச் செய்தான்; மழையில்லை. பின்னர் இந்தக் கைதியிடம் கேட்டான். முனிவர் அரண்மனைக்கு எதிரேயுள்ள வெளியிற் பீடம் அமைத்துச் சிலுவையை நாட்டி, மக்கள் எல்லாரும் காண மண்டியிட்டார். மழை பொழிந்தது. அவரும் பீடமும் நனையவில்லை என்று அவர் வரலாற்றை எழுதிய கோவாக் குரு செபஸ்தியாவோ தொ றேகோ முதலியோர் பதிவு செய்திருக்கின்றனர்.

நனையாதிருந்தார் என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வன்னியில் மழைக்காக மண்டியிட்ட எவரும் நனையாதிருக்க விரும்பார் என்றே தோன்றுகிறது. என் மனம் நிற்பது வேறோரிடத்தில். அவரை விலங்கிட்ட மன்னனின் வயல் அது. அவர்மேற் பழி கூறியவர் உண்ட சோறும் அவ்வயலில் விளைந்ததே. மழை பெய்யாவிடின் நட்டம் அவர்களுக்கு. பெய்யாமற் போனாற் கேடு அவருக்கும். ஊரறியத் தோற்கும் இடத்திற் பகைவர்க்காகப் போய் நிற்க வேண்டும். இயேசு சிலுவையில் தொங்கியபொழுது தம்மை அறைந்தவர்களை மன்னிக்குமாறு தந்தையை வேண்டினார் என்பது கிறித்தவர் அனைவரும் அறிந்தது. அவ்வேண்டுதலைப் பிறர் படித்தனர். கண்டிச் சதுக்கத்தில் இவர் செய்தார். மன்னன் விடுதலை தந்தான்; சமயம் பரப்பவும் தடையில்லை என்றான்.

1696 இற் கொச்சி ஆயர் இவரை இலங்கை முழுவதற்கும் தம் பதிலாளர் ஆக்கினார். உதவிக்குக் கோவாவிலிருந்து குருமார் வரத் தொடங்கினர். அவருள் ஒருவர் இவருடைய மருமகனாகிய யோசே கார்வாலோ. 1697 இற் கண்டியில் அம்மை நோய் பரவிற்று. மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டு நீங்கினர். நோயாளிகளை வீட்டார் காட்டில் விட்டுச் சென்றனர். முனிவரும் மருமகனும் நகரிலேயே இருந்தனர். கொட்டில் கட்டி, நோயாளிகளைக் கிடத்தி, புண்ணைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரைத் தாமே தூக்கிப் புதைத்தனர். கத்தோலிக்கன், பௌத்தன், சைவன் என்று பார்த்ததாகச் செய்தியில்லை. ஓராண்டுக்கு மேலாக இவ்வாறு நடந்தது என்பர். மன்னன் திரும்பியபொழுது நகரில் எஞ்சியிருந்தோர் யாரால் எஞ்சினர் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மழையை விட இந்தக் கஞ்சியே முனிவர்க்குக் கண்டியில் இடந்தந்தது என்று யான் துணிவேன்.

பின்னர் வந்த ஆண்டுகளை விரைந்து கூறலாம். கீழ்த்திசைக்கு வந்த பாப்பரசரின் தூதர் இவரை ஆயராக்க விரும்பினார், இவர் மறுத்தார். 1705 இல் யாக்கோமே கொன்சால்வெஸ் வந்து சேர்ந்தார். அவரைத் தமிழர் சாங்கோபாங்க சுவாமி என்பர். வியாகுலப் பிரசங்கம் முதலிய உரைநடை நூல்களைத் தமிழில் இயற்றியவர். சிங்களத்திலும் நூல் பல செய்தவர். தவக்காலத்தில் வடபுலக் கத்தோலிக்க ஊர்களில் அந்தப் பிரசங்கத்தை ஒரு தனி இராகத்தோடு வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன். பொருள் ஒருபுறம் இருக்க, நூற்றாண்டுகளுக்கு முந்திய தமிழ் உரைநடை ஓலமிடும் ஓசையைக் கேட்கத் தமிழாசிரியர் ஒருமுறையேனும் போக வேண்டும். தம்மளவில் நில்லாது இத்தகைய ஒருவரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வைத்தது யோசேவாஸ் முனிவரின் முன்னறிவு.

1711 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் அவர் கண்டியில் இறந்தார். வயது 59. இலங்கையில் 23 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை. அவர் இறந்தபொழுது கத்தோலிக்கர் தொகை எழுபதினாயிரம் என்பது வழங்கும் கணக்கு. புதைத்த இடம் காலப்போக்கில் மறைந்துபோயிற்று. ஒல்லாந்தர் விதித்த தடைகளை ஆங்கிலேயர் 1806 இல் நீக்கினர். அப்பொழுது அவர் இறந்து 95 ஆண்டு.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவரைப் புனிதர் என அறிவிக்குமுன், அவர் பரிந்துரையால் அற்புதம் நிகழ்ந்ததா என்று ஆராய்வர். வழக்காடு மன்றத்தைப் போன்ற ஆராய்ச்சி அது; மருத்துவர் சாட்சியும் உண்டு. 1995 ஆம் ஆண்டு சனவரி 21 இற் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் இவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். புனிதர் பட்டத்துக்கு இன்னுமோர் அற்புதம் வேண்டும் என்பது வழமை. பாப்பரசர் பிரான்சிஸ் அந்த வழமையை வேண்டாமென்று விலக்கி, 2015 சனவரி 14 இற் காலிமுகத் திடலில் இவரைப் புனிதர் என அறிவித்தார். வாழ்ந்த வாழ்வே போதிய சாட்சி என்று கருதினார் போலும். அப்பாப்பரசர் 2025 ஏப்ரில் 21 இல், முனிவர் பிறந்த அதே நாளில், காலமானார். நாளொற்றுமைகளிற் பொருள் தேடுவது சோதிடர் தொழில். குறித்து வைத்தல் மட்டும் ஆசிரியர் தொழில்.

காலிமுகத் திடலிற் பட்டமளித்த அன்று பிற்பகலிலேயே பாப்பரசர் மடுவுக்கு வந்தார். தைப்பொங்கலுக்கு முந்திய நாள். பொங்கலுக்கு வாங்க வேண்டியவற்றை வீட்டாரிடம் விட்டுவிட்டு, பழைய மாணவர் சிலரோடு யானும் போயிருந்தேன். அந்தச் சந்நிதி போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர்க்குக் கூரையாய் இருந்தது. 1999 கார்த்திகையில் அங்கேயே எறிகணை விழுந்து பலர் மாண்டனர். 2008 இற் போர் நெருங்கியபொழுது, முன்பு மாந்தையிலிருந்து காட்டுக்கு வந்த திருவுருவத்தைக் குருமார் மீண்டும் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டிலேயே திருவுருவம் திரும்பி வந்தது. அன்று அவ்வளாகத்திற் கூடியவர்கள் இவற்றையெல்லாம் உடம்பில் தாங்கியவர்கள். என் அருகே நின்ற தாயார் ஒருவர், 2009 இற் காணாமற்போன மகனின் படத்தைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தார். கை நோவும்பொழுது மறு கைக்கு மாற்றினார். பாப்பரசரின் வண்டி தூரத்திற் கடந்து சென்றது. அவர் இந்தப் படத்தைக் கண்டிருக்க மாட்டார். அந்தத் தாயாரும் அதனை அறிந்திருந்தார்.

கூட்டம் கலைந்தபொழுது என்னை வாத்தியார் என்று அறிந்து, மனு ஒன்று எழுதித் தர இயலுமா என்று கேட்டார். அவருக்குக் கையெழுத்து வருமாம். கந்தோர்த் தமிழ் வராதாம். பாலை மரத்தடியில் அமர்ந்து, மாணவன் ஒருவனின் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் எழுதினேன். மகனின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், அன்று உடுத்தியிருந்த சாரத்தின் நிறம். இது எத்தனையாவது மனு என்று கேட்டேன். எண்ணுவதில்லை என்றார். வவுனியாவுக்குச் செல்லும் பேருந்து புறப்படும் நேரமாயிற்று. தாளை நான்காக மடித்து, படத்தின் பின்புறத்தே செருகிக்கொண்டு நடந்தார்.